கீமோ முடிந்து ஊர் திரும்பியவர்களுக்கு: போனில் முதலில் செய்ய வேண்டியவை

மதுரையில் புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிக்கொண்டு, ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தால், அடுத்த சுற்றுக்கு மூன்று வாரம் இருக்கும். அந்த மூன்று வாரமும் டாக்டர் 150 கிலோமீட்டர் சொச்சம் தள்ளி, இங்கே நாமும் ஒரு போனும்தான். என் அம்மாவுக்கு ஆறு சுற்று இப்படித்தான் ஓடியது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவதில் என்னைவிடக் கெட்டி. அதனால் புது ஆப் எதுவும் இறக்க வேண்டாம், இருப்பதை வைத்தே செய்வோம்.

முதல் வேலை, டிஸ்சார்ஜ் ஆகும்போதே "ராத்திரியிலும் எடுக்கிற நம்பர் எது?" என்று கேட்டு வாங்குங்கள். பகல் ஓபி நம்பர் மட்டும் இருந்தால் நடுராத்திரியில் உதவாது. சேமித்து, ஆஸ்பத்திரி வாசலின் படத்தையே அந்த நம்பருக்கு வைத்து, முகப்புத் திரையில் போட்டுவிடுங்கள். படிக்கத் தெரியாதவரும் படத்தைத் தொட்டால் போன் போய்விடும்.

இரண்டாவது காய்ச்சல். இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். கீமோவுக்குப் பிறகு வெள்ளை அணுக்கள் குறையும், பெரும்பாலும் 7 முதல் 14 நாளுக்குள் ரொம்பவே இறங்கிவிடும், அப்போது தொற்று வந்தால் பல நேரம் வெறும் காய்ச்சல்தான் அறிகுறி. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் அந்த நிமிடமே அந்த நம்பருக்குப் போன், விடியட்டும் என்று இருக்கக்கூடாது. எடுக்கவில்லை என்றால் 108, ஏறும்போதே "கீமோ எடுக்கிறவங்க" என்று சொல்லிவிடுங்கள். கேட்காமல் பாராசிட்டமாலும் கொடுக்காதீர்கள், அது காய்ச்சலை மறைத்துவிடும். நான் கொடுத்தேன். காய்ச்சல் இறங்கிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினோம், விடியும்போது அம்மாவுக்கு உடம்பு தூக்கிப் போட்டது, கார் பிடித்து ஓடினோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி எத்தனை மணிக்கு, எத்தனை டிகிரி?" பதில் இல்லை.

அன்றிலிருந்து தெர்மாமீட்டர் காட்டும் எண்ணை அப்படியே போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம், நேரம் தானே பதிவாகிவிடும். குழுவில் கரையில் இருக்கும் ஆள் ஒருவராவது வேண்டும். அப்பா கடலுக்குப் போய்விட்டால் டவர் கிடைக்காது, சித்திதான் எங்களுக்கு அந்த ஆள்.

அடுத்து மாத்திரை. போனில் ரெக்கார்டரைத் திறந்து, "அம்மா, சாப்பிட்டுட்டு மஞ்ச மாத்திரையப் போடும்மா" என்று பேசிப் பதிவு செய்யுங்கள். அலாரத்தில் ஒலி தேர்ந்தெடுக்கும் இடத்தில் அதையே வையுங்கள். பேரன் குரலாக இருந்தால் இன்னும் நல்லது, என் குரலை அம்மா அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார்.

டிஸ்சார்ஜ் சீட்டு, ரத்தப் பரிசோதனை, பயாப்ஸி முடிவு எல்லாவற்றையும் கூகுள் டிரைவ் ஸ்கேனில் எடுத்து, பெயரில் தேதியைப் போட்டு, போனிலும் ஒரு நகல் இறக்கி வையுங்கள். நெட் இல்லாத இடத்தில் டிரைவ் திறக்காது.

கடைசியாக, வலி, வாந்தி, வாய்ப்புண் எது வந்தாலும் நோயாளியே ஒரு வரி குரல் அனுப்பட்டும், மகனோ மகளோ அவருக்காகப் பேச வேண்டாம். வாய்ப்புண்ணால் மூன்று நாளாகக் கஞ்சிதான் என்பதை டாக்டரிடம் நேரில் சொல்லக் கூச்சப்பட்டு "நல்லாத்தான் இருக்கேன்" என்றார் அம்மா. நான் போனை எடுத்து, செவ்வாய்க்கிழமை அம்மா அனுப்பிய குரலைப் போட்டுக் காட்டினேன்.