பழைய கல் வீட்டுச் சுவர் நிலநடுக்கத்தைத் தாங்குமா? ஒரு சாயங்காலத்தில் பார்த்துவிடலாம்

"நம்ம கோயமுத்தூர்ப் பக்கம் எங்கீங்க நிலநடுக்கம்?" என்று கேட்பார்கள். வந்திருக்கிறது. 1900 பிப்ரவரி 8-ம் தேதி, பாலக்காட்டுக் கணவாயை ஒட்டி, ஏறக்குறைய 6 அளவில். அப்புச்சிமார் காலத்துக் கல் வீடுகள் பல அதற்குப் பிறகு கட்டியவை, அதாவது இன்னும் அப்படியொரு உலுக்கலைப் பார்க்காதவை. பொள்ளாச்சி பக்கம் எங்கள் அம்மாயியின் தொட்டிக்கட்டு வீட்டில் நான் பார்த்த முறையைச் சொல்கிறேன். டேப், தூக்குக்குண்டு, டார்ச், ஒரு நோட்டு போதும்.

முதலில் வீட்டின் படத்தை வரையுங்கள். குறுக்குச் சுவர் ஏதும் வந்து சேராமல் நீளமாகத் தனியே ஓடும் சுவர்களைச் சுழித்துவிடுங்கள். நிலநடுக்கத்தில் பழைய சுவர் பெரும்பாலும் எடை தாங்காமல் நசுங்குவதில்லை. பக்கவாட்டில் ஆடி, நிறுத்திவைத்த பலகை மாதிரி வெளியே சாய்கிறது.

அடுத்து ஒரு வகுத்தல். தடிமனை உயரத்தால் வகுங்கள். 45 செ.மீ. தடிமன், 4.5 மீட்டர் உயரம் என்றால் 0.1. தலையில் பிடிமானமில்லாத அந்தச் சுவர், புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஒரு பங்கு முடுக்கத்தோடு தரை உலுக்கினாலே அடியில் எழும்பி ஆடத் தொடங்கும். கோவையை மூன்றாம் நிலநடுக்க அபாய மண்டலத்தில் வைத்த 2016-ம் ஆண்டு இந்தியத் தர விதி, அங்கே வரக்கூடிய உலுக்கலுக்கு வைத்த எண் 0.16. பயந்துவிட வேண்டாம், ஆடுகிற சுவரெல்லாம் விழாது, உலுக்கல் கணத்துக்குக் கணம் திசை மாறுவதால் பல சுவர்கள் திரும்ப உட்கார்ந்துவிடும். எதை முதலில் கவனிக்கணும் என்று இந்த எண் காட்டும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த 45 உண்மையில் 45 தானா? பழைய கல் சுவரில் உள்முகம் ஒரு வரிசை, வெளிமுகம் ஒரு வரிசை, நடுவில் சில்லுக்கல்லும் மண்ணும். இரண்டையும் பிணைக்க முழு அகலத்துக்கும் குறுக்கே நீளக்கல் போட்டிருக்க வேண்டும். போடாவிட்டால் அவை ஒட்டி நிற்கும் இரண்டு மெல்லிய சுவர்கள். ஒவ்வொன்றும் 20 செ.மீ. என்று வைத்து, 20-ஐ 450-ஆல் வகுத்துப் பாருங்கள், 0.04 தான் வரும். 1993-ல் மகாராஷ்டிர மாநிலம் லாத்தூரில் வந்த நிலநடுக்கத்தில், விடியுமுன் கல் வீடுகள் இப்படிப் பிளந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேலேயே சரிந்தன. அதனால் தூக்குக்குண்டை மேலிருந்து விட்டு, அடிக்கு அடி நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை எழுதுங்கள். தட்டியும் பாருங்கள். காரை மட்டும் விட்டிருந்தாலும் பொள்ளலாகக் கேட்கும், ஆனால் அங்கேயே வயிறும் தள்ளியிருந்தால் உள்ளே பிரிந்திருக்கலாம். எங்கள் மேற்குச் சுவர் 3 செ.மீ. தள்ளியிருந்தது.

அப்புறம் மூலைகள். மேலே போகப்போக அகலமாகும் செங்குத்து விரிசல் இருந்தால் சுவர் பக்கத்துச் சுவரை விட்டு விலகுகிறது. உத்திரத்துக்கு இணையாக ஓடும் சுவருக்குத் தலையில் பிடிமானம் குறைவு. ஓட்டு வீட்டில் முக்கோணமாக எழும் பக்கச் சுவரின் உச்சி அதைவிட மோசம்.

விரிசலைச் சிமென்ட் பூசி மறைக்காதீர்கள், சுண்ணாம்புச் சுவருக்குள் ஈரம் அடைபட்டுக் காரை உதிரும். விரிசலின் முனையில் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், மழைக்காலம் முடிந்ததும் மறுபடி பாருங்கள். எதிரெதிர்ச் சுவர்களை இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டுவதும் குறுக்குக்கல் செருகுவதும், பழைய கட்டடம் தெரிந்த பொறியாளரும் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரும் சேர்ந்து செய்ய வேண்டியவை. நோட்டை அவர்களிடம் கொடுங்கள்.

அதுவரை, சுழித்த சுவரோரம் யாரும் படுக்க வேண்டாம். அம்மாயியின் கட்டிலை நாங்கள் அன்றைக்கே நகர்த்திவிட்டோம்.