ராகிக் காட்டில் மரம் வைக்கிறீர்களா? விளைச்சல் அடிபடாமல் இருக்க இப்படிச் செய்யுங்கள்

பெங்களூரில் வேலை, ஆனேக்கல் பக்கமோ ஓசூர் பக்கமோ கொஞ்சம் மானாவாரி நிலம் என்று இருக்கிற நம் ஆட்கள் பலர் சில்வர் ஓக், மலைவேம்பு என்று வாங்கி நட்டுவிட்டு, நாலைந்து வருஷம் கழித்து ராகி ஏன் இளைத்துவிட்டது என்று கேட்கிறார்கள்.

வளர்ந்த மர வரிசையின் பக்கத்தில் போய்ப் பாருங்கள். மரத்தை ஒட்டிய பயிர் தூர் கட்டாமல் குட்டையாக நிற்கும், கதிரின் விரல்கள் சிறுத்திருக்கும், தள்ளிப் போகப் போகத் தெளியும். ராகிக்கு முழு வெயில் வேண்டும், மரமோ வெயிலோடு தண்ணீரையும் சத்தையும் பங்கு கேட்கும். மரத்தை ஒட்டி இளைத்து நிற்கிற அந்தப் பயிர்ப் பகுதியின் அகலத்தை எவ்வளவு ஒடுக்க முடியும் என்பதுதான் நம் வேலை.

நடுக்காட்டில் வைக்காதீர்கள், வரப்பில் வையுங்கள். அதிலும் கிழக்கு மேற்காக ஓடுகிற வரப்பாகப் பாருங்கள். ராகி விதைக்கிற ஜூலை, ஆகஸ்டில் இங்கே சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலை மேலேயே போவதால் நிழல் பெரும்பாலும் வரிசை மேலேயே விழும். தெற்கு வடக்கு வரிசை என்றால் காலையில் மேற்குப் பக்கப் பயிர், சாயங்காலம் கிழக்குப் பக்கப் பயிர், இரண்டுமே நிழலில் மாட்டும்.

விதைப்புக்கு முன்னால் கீழ்க்கிளைகளைக் கழித்துவிடுங்கள். புங்கம், கிளிரிசிடியா என்றால் கழித்த தழையை அப்படியே நிலத்தில் போட்டு உழலாம், நல்ல தழையுரம்.

பலர் விடுவது வேரைத்தான். மரம் வேர்பிடித்து நின்ற பிறகு, தண்டிலிருந்து மூன்றடி தள்ளி, பயிர் இருக்கிற பக்கம் மட்டும், இரண்டடி ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். மேலோட்டமாகப் பரவும் பக்க வேர்கள் அறுந்து, மேல் மண்ணின் ஈரம் பயிருக்கு மிஞ்சும். வேர் திரும்ப வரும், அதனால் ஓரிரு வருஷத்துக்கு ஒரு தடவை வெட்ட வேண்டியிருக்கும். இரண்டு பக்கமும் வெட்டினால் காற்றில் மரம் சாயும், ஜாக்கிரதை.

தைலமரம் மட்டும் வேண்டவே வேண்டாம். கர்நாடகத்தில் புதிதாக நட 2017இலேயே அரசு தடை போட்டுவிட்டது, நிலத்தடி நீரை அது உறிஞ்சிவிடுகிறது என்பதுதான் காரணம், கோலார் பக்கம் போனால் புரியும்.

அப்புறம், அளந்து பார்க்காமல் மரத்தைத் திட்டாதீர்கள், புகழவும் வேண்டாம். அறுவடையின்போது மரத்தடியில், மூன்று மீட்டர், ஆறு மீட்டர் தள்ளி, பிறகு மரத்தின் பாதிப்பே எட்டாத நடுக்காட்டில் என்று ஒரு சதுர மீட்டர் கட்டம் போட்டு, ஒவ்வொரு தூரத்திலும் மூன்று இடமாவது தனித்தனியாக அறுத்துக் காயவைத்து எடை போடுங்கள். ஆறு மீட்டரிலும் நடுக்காட்டை விடக் குறைந்தால் அடுத்த விதைப்புக்கு முன் கிளையை இன்னும் கழியுங்கள், வாய்க்காலையும் தூர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மரத்தடியில் மட்டும் குறைந்தால் அந்த ஓரத்தில் ராகியை விட்டுவிட்டுத் தீவனப்புல் போடலாம், தண்ணீர் வசதி இருந்தால் மஞ்சளே வைக்கலாம், நிழலைத் தாங்கும்.