மழையை நடுவில் வைத்து ஓராண்டைத் திட்டமிடுவது எப்படி: வடசென்னைச் சூழல் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

சூழல் பாதுகாப்புக்காகக் குழு ஒன்றைத் தொடங்குபவர்கள் முதலில் செய்வது, சிறப்பு நாட்களைக் காலண்டரில் வட்டமிடுவதுதான். பிப்ரவரி 2 ஈரநில நாள், ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள், ஜூலை 26 அலையாத்திக் காடுகள் நாள், செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை கடற்கரைத் தூய்மை நாள் என்று நான்கு வட்டங்கள் விழுந்ததும் ஆண்டுத் திட்டம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். எங்கள் குழுவும் அப்படித்தான் தொடங்கியது. முதலாண்டு ஜூன் 5 அன்று மாதவரம் பக்கம் ஓர் ஏரிக்கரையில் நாற்பது கன்றுகளை நட்டோம். கத்திரி முடிந்தும் தணியாத வெயிலில், தண்ணீர் ஊற்ற ஆள் வைக்காமல் விட்டுவந்த அந்தக் கன்றுகளில் பெரும்பாலானவை ஆடி பிறப்பதற்குள் கருகிவிட்டன; எஞ்சியவற்றை ஆடுகள் மேய்ந்துவிட்டன. ஆடு மேய்ப்பவர் காலங்காலமாக வரும் கரை அது என்பதை அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே தெரிந்துகொண்டிருப்போம்.

சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. ஆகவே நடுவது, தூர்வாருவது, அகற்றுவது, எண்ணுவது ஆகிய எல்லாப் பணிகளையும் அந்த மூன்று மாதங்களுக்கு முன்னும் பின்னுமாகத்தான் அடுக்க வேண்டும். சிறப்பு நாட்கள் இந்த அடுக்கில் தாமாகப் பொருந்தினால் நல்லது. பொருந்தாவிட்டால் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டு இடங்கள் போதும்

வடசென்னையில் போக வேண்டிய இடங்களுக்குக் குறைவில்லை. மாதவரம் ஏரி, ரெட்டேரி, மணலி ஏரி, கடப்பாக்கம் ஏரி, பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய், கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகம், அதற்கும் வடக்கே பழவேற்காடு என்று பட்டியல் நீளும். மாதத்துக்கு ஓரிடம் என்று சுற்றினால் படங்கள் நிறையக் கிடைக்கும்; எந்த இடமும் குழுவை அறிந்துகொள்ளாது, குழுவும் எந்த இடத்தையும் அறிந்துகொள்ளாது. நன்னீருக்கு ஓர் ஏரி, உவர்நீருக்குக் கழிமுகத்தின் ஒரு சிறு கரை என இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து, ஆண்டு முழுவதும் அவற்றுக்கே திரும்பத் திரும்பப் போகும்படி பரிந்துரைக்கிறேன். ஆண்டுக்குப் பன்னிரண்டு களநாட்கள் என்று வைத்துக்கொண்டால், அவற்றில் குறைந்தது நான்கையாவது ஏற்கெனவே செய்த வேலையைப் பார்வையிடவும் பராமரிக்கவும் முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். திட்டத்தாளில் இந்த நான்கு நாட்களை முதலில் எழுதிவிட்டு மற்றவற்றைப் பிறகு நிரப்புவது எங்கள் வழக்கம். கடைசியில் எழுதினால் அவைதான் முதலில் விடுபட்டுப்போகின்றன.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அது யார் பொறுப்பில் உள்ளது என்பதை விசாரித்துக்கொள்ளுங்கள். பெரிய ஏரிகள் பெரும்பாலும் நீர்வளத் துறையிடமும், குளங்களும் பூங்காக்களும் மாநகராட்சியிடமும் உள்ளன. திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம் ஆகியவை மாநகராட்சியின் முதல் ஐந்து மண்டலங்கள். உங்கள் இடம் எந்த மண்டலத்தில், எந்த வார்டில் வருகிறது என்று தெரிந்தால்தான் மனு சரியான மேசைக்குப் போகும். புழல் குடிநீர் ஏரி என்பதால் அதன் கரையில் தாமாக எதையும் செய்யக் கூடாது. அலையாத்திச் செடிகள் உள்ள இடமென்றால் வனத் துறையைக் கேட்காமல் ஒரு கிளையைக்கூட வெட்ட வேண்டாம்.

மனுவில் உருக்கமான வாசகங்கள் தேவையில்லை. தேதி, நேரம், வருவோர் எண்ணிக்கை, கொண்டுவரும் கருவிகள், செய்யப்போகும் வேலை, சேரும் குப்பையை எந்த இடத்தில் குவிப்போம், அதை எடுத்துச்செல்ல வண்டி எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பவற்றைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, மூன்று வாரங்களுக்கு முன்பே நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி உறுதியாகாத நாளில் குப்பை அள்ளும் வேலையை ஒத்திவைப்பதே நல்லது. கரையில் குவித்து வைத்த மூட்டைகளை நாய்கள் கிழித்து, அடுத்த மழை அவற்றை அதே நீரில் இறக்கிவிடும்.

கழிமுகத்துக்கு ஞாயிறு பார்த்தால் போதாது

ஏரிக்கு எந்த ஞாயிற்றுக்கிழமையும் போகலாம். கழிமுகத்தில் நாளை முடிவு செய்வது கடல்தான். நம் கரையில் நாளொன்றுக்கு இரண்டு ஏற்றங்களும் இரண்டு வற்றங்களும் உண்டு. அவை ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகின்றன. இந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு நீர் வற்றியிருந்தால், ஏழு நாட்களில் அது கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் தள்ளிப்போய், அடுத்த ஞாயிறு அதே ஏழு மணிக்கு நீர் ஏறி நிற்கும். அதற்கடுத்த ஞாயிறு மீண்டும் காலையிலேயே வற்றம் கிடைக்கும். ஆகவே ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறுதான் கழிமுகத்துக்கு ஏற்றது. இந்தக் கணக்கு தெரியாமல் இருபது பேரை அழைத்துப் போய், இடுப்பளவு நீரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய நாளும் எங்களுக்கு உண்டு. இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையை, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரங்களின் பட்டியலைக் கொண்டு ஆண்டின் தொடக்கத்திலேயே இந்த ஞாயிறுகளைக் குறித்துவிடலாம். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் நீர் மிகுதியாக ஏறி, மிகுதியாக வற்றும் என்பதால் அவற்றை ஒட்டி வரும் வற்ற நேரங்கள் சேற்றுவேலைக்கு இன்னும் வசதியானவை. ஆனால் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்தால் உள்ளே நீர் வற்றுவதற்குத் தாமதமாகும். அந்த வேறுபாட்டை அட்டவணை சொல்லாது. காட்டுக்குப்பத்திலோ சிவன்படைக்குப்பத்திலோ கழிமுகத்தில் தொழில் செய்பவரைக் கேட்டால் ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்.

அவரைக் கேட்பதோடு நில்லாமல் அவரையே வழிகாட்டியாக அமர்த்துங்கள். எண்ணூரில் சில இடங்களில் சேற்றோடு அனல்மின் நிலையச் சாம்பலும் படிந்திருப்பதால், உறுதியாகத் தெரியும் தரையில் கால் வைத்தவுடன் முழங்கால் வரை புதையலாம். படகுக்கும் அவருடைய அரை நாள் உழைப்புக்கும் உரிய கூலியைக் குழுவின் வரவுசெலவில் முதல் செலவாக எழுதுங்கள். தன்னார்வம் நம்முடையது, அவருக்கு அது தொழில் நடக்க வேண்டிய காலைப்பொழுது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்பதால் குப்பங்களில் பேசிப் பழக நேரம் கிடைக்கும். ஆனால் கையில் காசு குறைந்திருக்கும் காலமும் அதுதான் என்பதை மறந்து, ‘சும்மாதானே இருக்கிறார்கள்’ என்று யாரையும் வேலைக்குக் கூப்பிடக் கூடாது.

தையிலிருந்து மார்கழி வரை

ஆண்டை ஜனவரியில், பறவைகளோடு தொடங்குவது நல்லது. மழை நின்று நீர் நிறைந்திருக்கும். வலசை வந்த பறவைகளும் இருக்கும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் அந்த மாதத்தில்தான் நடக்கின்றன. உங்கள் ஏரியில் ஒரே இடத்தில் நின்று, ஒரே கால அளவில் எண்ணி அனுப்பினால், புதிதாக வந்தவர்களும் நாமக்கோழியையும் நீலத் தாழைக்கோழியையும் பிரித்தறியக் கற்றுக்கொள்வார்கள். பிப்ரவரியில் ஓர் இரவைக் கடலாமைக்கு ஒதுக்குங்கள். பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம் அது. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரையின் பெரும்பகுதியில் கல் கொட்டப்பட்டிருப்பதால் நம் பக்கம் அவை ஏறி வர இடம் குறைவு. 1988 முதல் இரவு நடை போகும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே நடக்கிறது. அவர்களோடு சேர்ந்து நடந்து கற்பதே முறை. கடலாமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அனுமதியில்லாமல் முட்டையைத் தொடுவதே குற்றம்.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் வற்ற ஞாயிறுகளைப் பார்த்து அலையாத்திக் கரையைத் தூய்மை செய்யலாம். சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பவை வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரத்தின் மூச்சுவேர்கள். கிழிந்த நைலான் வலை அவற்றைச் சுற்றிப் பின்னிக்கொண்டு, அதன்மேல் பால் பாக்கெட்டும் துணியும் சேறும் படிந்து பாய்போல மூடியிருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் வலையோடு வேர்களும் முறிந்து வரும். ஆகவே மண்டியிட்டு, சிறு கத்தரிக்கோலால் ஒவ்வொரு கண்ணியாக வெட்டி எடுக்க வேண்டும். நான்கு பேர் இரண்டு மணி நேரம் உழைத்தால் ஒரு கட்டிலளவு இடம்தான் விடுபடும். அந்த அளவைக் கண்டு சோர வேண்டியதில்லை. அடுத்த முறை போகும்போது அங்கே தாமாக மிதந்து வந்து ஊன்றிய இரண்டிலை நாற்றுகள் நிற்கலாம். கன்றுகளை வாங்கி நடும் ஆசையைவிட இந்த வேலையே மேலானது என்பது என் உறுதியான கருத்து. ஓதத்தின் உயரமும் உப்பின் அளவும் பொருந்தாத இடத்தில் நட்ட அலையாத்தி நிற்காது. எங்கே நிற்கலாம் என்பதை அந்த விதைக்கே விட்டுவிடலாம்.

அங்கே ‘காக்கா ஆழி’ என்று மீனவர்கள் சொல்லும் கறுத்த சிறு சிப்பிகள் தரையை மூடியிருப்பதையும் காண்பீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்து பரவிய இனம் அது; அது படிந்த தரையில் கையால் இறால் தடவிப் பிடிப்பவர்களின் பிழைப்பு கெடுகிறது. குழுவாக அதைச் சுரண்டி எடுக்க முயல வேண்டாம். பரவிய எல்லையைப் படமெடுத்துத் தேதியோடு பதிந்து வைத்தால் போதும்.

மே, ஜூன் மாதங்களில் ஏரி வேலை, அதுவும் காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடிக்க வேண்டும். நீர் குறைந்த அந்த நேரத்தில் ஆகாயத்தாமரையைக் கொக்கிக் கழியால் இழுத்துக் கரைக்கு வெளியே போட்டுக் காயவிடலாம். கரையின் உட்சரிவில் போட்டால் மழையில் மீண்டும் நீருக்கே போகும். ஆகாயத்தாமரை திரும்பத் திரும்ப வருகிறதென்றால் எங்கோ கழிவுநீர் கலக்கிறது என்று பொருள். ஏரியைச் சுற்றி நடந்து, நீர் உள்ளே வரும் ஒவ்வொரு வாயையும் குறித்து, வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து அந்தப் பகுதி மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். அப்படிப் போகும் நாளில் கையில் இருக்க வேண்டியவை தேதியிட்ட படங்களும் குறிப்புகளும்தான்.

‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்ற பழமொழி வயலுக்குச் சொன்னது. சென்னையின் ஏரிக்கரைக்கு ஆவணியும் புரட்டாசியும் பொருந்தும். ஆகஸ்டில் விழும் பனம்பழங்களின் கொட்டைகளைச் சேர்த்து, செப்டம்பரில் கரையின் வெளிச்சரிவில் பத்தடிக்கு ஒன்றாக, ஒரு சாண் ஆழத்தில் புதையுங்கள். நீர்வளத் துறை கரையைப் பலப்படுத்தும் திட்டம் வைத்திருக்கிறதா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள். கொட்டை முதலில் மண்ணுக்குள் கிழங்காகத்தான் இறங்கும். தை பிறக்கும்போது பனங்கிழங்குக்காக அதைத் தோண்டுபவர்களும் வருவார்கள் என்பதால், இரண்டு மடங்கு புதைத்துவிட்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் புதைக்கும் வேலையில் சேர்த்துக்கொண்டால் இழப்பு குறையும்.

அக்டோபர் பாதி முதல் டிசம்பர் வரை களவேலை வேண்டாம். அடைபட்ட மதகு, பொங்கும் வடிகால், நீர் தேங்கிய தெரு ஆகியவற்றைப் பாதுகாப்பான இடத்திலிருந்து குறித்து, மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்வதே அந்தக் காலத்துப் பணி. தேங்கிய நீரில் காலில் புண்ணோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம்.

எண்ணெய்க் கசிவைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதியபோது கரை ஒதுங்கிய எண்ணெயை வாளியில் அள்ளிய கைகளை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் உதவ ஓடிய இளைஞர்கள் பலர். அந்த மனம் பெரியது. ஆனால் கசிந்த எண்ணெயின் ஆவி நுரையீரலுக்கும் அதன் பிசுக்கு தோலுக்கும் தீங்கு. உரிய உடையும் பயிற்சியும் இல்லாத யாரையும் எண்ணெய் அள்ள அனுப்புவதில்லை என்று குழுவின் விதியில் எழுதி வைத்துவிடுங்கள். அந்நாட்களில் குப்பத்து வீடுகளுக்குக் குடிநீரும் உணவும் கொண்டுபோகும் வேலை காத்திருக்கும்.

கருவிகளும் கணக்கும்

தடித்த ரப்பர் கையுறை, முழங்கால் வரையிலான கம்பூட், சாக்கு, அன்னக்கூடை, கொக்கிக் கழி, கத்தரிக்கோல், உடைந்த கண்ணாடிக்கும் ஊசிகளுக்கும் மூடியுள்ள தனி வாளி, மோர், முதலுதவிப் பெட்டி ஆகியவை இருந்தால் தொடங்கலாம். வருபவர்கள் டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறார்களா என்பதைப் பதிவின்போதே கேளுங்கள்.

ஒவ்வொரு களநாளுக்கும் நோட்டில் ஒரு பக்கம் வேண்டும். வந்தவர்கள் எத்தனை பேர், தொங்கு தராசில் நிறுத்த குப்பையின் எடை, அதில் வலை, பிளாஸ்டிக், துணி தனித்தனியாக எவ்வளவு, நீர் எந்த அளவில் நின்றது என்பவற்றை அன்றே, அங்கேயே எழுதுங்கள். ஒரே கல்லின் மீது நின்று ஒரே திசையில் ஒரு படம் எடுங்கள். பொங்கல் முடிந்த ஞாயிறு காலையில் அந்த நோட்டோடு ஏரிக்கரையில் கூடி, புதைத்த பனங்கொட்டைகளில் தோண்டப்படாமல் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிவிட்டு, புதிய ஆண்டின் வற்ற ஞாயிறுகளை அதே நோட்டின் அடுத்த பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம்.