காசிமேட்டு மீனுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி

தண்டையார்பேட்டையில் என் தங்கை காசிமேட்டு மீனை வீட்டுக்கே கொடுத்தனுப்பும் தொழில் செய்கிறாள். தினமும் காலையில் "தரமான, புத்தம்புதிய மீன்கள்! நியாயமான விலை!" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். ஒரு பதிலும் வராது. செய்தி எழுதும் வேலையை நான் வாங்கிக்கொண்டேன்.

'தரமான' என்று எல்லாக் கடைக்காரரும்தான் சொல்கிறார்கள். வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது வேறு. அதனால் இப்படி மாற்றினேன்: "அக்கா, இன்னைக்கு சங்கரா வந்திருக்கு. செதில் எடுத்து, குழம்புக்கு வெட்டி, 11 மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடும். வேணும்னா 'அரை கிலோ'ன்னு மட்டும் பதில் போடுங்க." கூடவே அன்று எடுத்த மீன் படம், கிலோ விலை. அன்றைக்கே பதில்கள் வர ஆரம்பித்தன.

இன்னொன்று, ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்ப வாட்ஸ்அப்பில் இருக்கும் பிராட்காஸ்ட் பட்டியலில் போடும் செய்தி நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும். மீனைக் கையில் கொடுக்கும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுகிறோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, விலை ஏறும். அதை மறைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. "வஞ்சிரம் விலை அதிகம்க்கா, இந்த வாரம் நெத்திலி வாங்குங்க" என்றே எழுதினோம். நெத்திலி நன்றாகப் போனது. ஜூன் பாதியில், "படகு எப்போ போகுது?" என்று வாடிக்கையாளர்களே கேட்டு எழுதினார்கள்.