மெல்லிசை மேடைக்கு வரும் பேஸ் கிட்டார்காரர்களுக்கு

மெல்லிசைக் குழுவில் ஆள் குறைக்க வேண்டும் என்றால் முதலில் வெட்டு விழுவது பாட்டின் கீழ் சுரங்களைப் பிடிக்கும் பேஸ் கிட்டாருக்குத்தான். கீபோர்டுக்காரரின் இடது கை அந்த வேலையைப் பார்த்துவிடும் என்பார்கள். முன்பே பதிவு செய்த டிராக் போட்டு ஓட்டும் குழு என்றால் அந்தக் கையும் வேண்டாம். சென்னையில் இந்த வேலையில் நிலைக்க நினைக்கும் தம்பி தங்கைகள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. ஸ்பீடு ரன் எல்லாம் கீபோர்டிலும் வரும். ஒரு நோட்டை டிரம்ஸின் கிக்கோடு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) சேர்த்து ஆரம்பித்து, ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்) விழும் இடத்தில் சட்டென்று அமுக்கி நிறுத்துவது அந்த இடது கைக்கு அவ்வளவு சுலபமாக வராது. நமக்குச் சம்பளம் அந்த நிறுத்தத்துக்குத்தான்.

அதனால் பயிற்சியை அங்கிருந்தே தொடங்குங்கள். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, ஒரே நோட்டை முழு அடிக்கு ஒலிக்க விடுங்கள். அப்புறம் அரை அடி, அதன்பின் கால் அடி. அடிக்கும் இடம் மாறக் கூடாது, நிற்கும் இடம் மட்டும் மாற வேண்டும். போனில் பதிவு செய்து, நோட்டை விட்டுவிட்டு இடைவெளியை மட்டும் கேளுங்கள். அங்கே ஏதாவது முனகிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் அது நீங்கள் தொடாத ஈ ஸ்ட்ரிங்காக இருக்கும் (தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி என்று நாலு ஸ்ட்ரிங்). ஏ ஸ்ட்ரிங்கை வாசிக்கும்போது வலது கட்டைவிரல் ஈ மேல் படுத்திருக்கட்டும். டி-க்குப் போனால் கட்டைவிரலும் ஒரு படி இறங்கி ஏ மேல் உட்கார்ந்து, ஓரத்தால் ஈ-யையும் தொடட்டும். இடது கை விரலை ஃபிரெட்டிலிருந்து (நெக்கில் குறுக்குக் கம்பிகள் பிரிக்கும் கட்டம்) தளர்த்தினால் போதும், ஸ்ட்ரிங்கை விட்டே எடுத்தால் அது மறுபடி பேசும்.

இது சரியாக வந்தபிறகு மெட்ரோனோமின் அடியை இரண்டாவது, நான்காவது எண்ணிக்கையாக வைத்து வாசியுங்கள். அந்த அடிகளை ஸ்னேர் என்று நினைத்துக்கொண்டு, ஒன்றையும் மூன்றையும் நீங்களே பிடிக்க வேண்டும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும்.

வலது கையில் எத்தனை விரல் என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவின் மோட்டவுன் கம்பெனிப் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஆள்காட்டி விரல் ஒன்றையே வைத்துக்கொண்டு வாசித்தவர். அவருக்குப் போதுமானது நமக்கும் போதும், இரண்டு விரல் இருந்தால் சௌகரியம். இடது கையில் மட்டும் பிடிவாதம் வேண்டாம். 34 அங்குல ஸ்கேல் (ஸ்ட்ரிங் ஒலிக்கும் நீளம்) உள்ள கிட்டாரில் முதல் ஃபிரெட்டே கிட்டத்தட்ட ஐந்து சென்டிமீட்டர் அகலம். அங்கே ஃபிரெட்டுக்கு ஒரு விரல் என்று நீட்டினால் மணிக்கட்டு கெடும். ஐந்தாவது ஃபிரெட்டுக்குக் கீழே ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல் மூன்றையும் வைத்துக் கையை நகர்த்துங்கள்.

கிட்டார் என்றால் ஃபெண்டர் கம்பெனியின் 1951-ல் வந்த பிரிசிஷன், 1960-ல் வந்த ஜாஸ், இந்த இரண்டின் சாயலில் எது கையில் கிடைத்தாலும் சரி. நாலு ஸ்ட்ரிங்கா, ஐந்தா என்பதுதான் நம் ஊரில் உண்மையான கேள்வி, ஏனென்றால் பாடகர்கள் மேடை ஏறியபின் சுருதி மாற்றுவார்கள். ஒரு கட்டை என்றால் சுருதி சி, இரண்டு டி, மூன்று ஈ. மூன்று கட்டைப் பாட்டை இரண்டுக்கு இறக்கு என்றால் ஈ-யிலிருந்து டி-க்குப் போக வேண்டும். நாலு ஸ்ட்ரிங்கில் அந்தக் கீழ் டி இல்லை, மேல் டி-யில் வாசித்தால் கனம் போய்விடும். ஐந்து ஸ்ட்ரிங் அங்கே காப்பாற்றும். ஆனால் அதில் கூடுதலாக வரும் கீழ் பி கிட்டத்தட்ட 31 ஹெர்ட்ஸ். சப்வூஃபர் இல்லாத கல்யாண மண்டப ஸ்பீக்கரில் அது சரியாகக் கேட்காது, ஸ்பீக்கர் மட்டும் பொருமும். அளவாகத் தொடுங்கள். இன்னொன்று: மூன்று கட்டைக்கும் நான்கு கட்டைக்கும் நடுவே அரைப்படிதான், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே முழுப்படி. 'ஒரு கட்டை ஏத்திக்கோ' என்று யாராவது சொன்னால் எந்தக் கட்டைக்கு என்று கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

ஸ்ட்ரிங் மாற்றியதும் செட்டப்பை நீங்களே பார்க்கலாம். முதலில் சுருதி சேருங்கள். முதல் ஃபிரெட்டையும் நெக் உடலோடு சேரும் ஃபிரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்தி, ஏழு எட்டாவது ஃபிரெட் அருகே ஈ ஸ்ட்ரிங்குக்குக் கீழே உள்ள சந்தைப் பாருங்கள். கெட்டியான ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் சரி, 0.3 மில்லிமீட்டர் வரும். அதிகமாக இருந்தால் நெக்குக்குள் இருக்கும் டிரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். முரண்டு பிடித்தால் விட்டுவிட்டு ரிப்பேர்காரரிடம் போங்கள். அடுத்து ஃபிரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங்கின் உயரம்: பதினேழாவது ஃபிரெட்டில் ஈ 2.4, ஜி 2 மில்லிமீட்டர். கை கனமானவர்கள் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். கடைசியாகப் பன்னிரண்டாவது ஃபிரெட்டின் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலி) அங்கேயே அழுத்திய நோட்டையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய நோட்டு கூடுதலாகக் காட்டினால் பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் சேடிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். கடற்கரைக் காற்றில் ஸ்ட்ரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் பழைய பனியனால் துடைத்துவிடுங்கள்.

ஆம்புக்குக் காசு போடும் முன் ஒரு டி.ஐ. பாக்ஸ் (கிட்டாரை நேராக மிக்ஸரில் சேர்க்கும் சின்னப் பெட்டி) வாங்குங்கள். கோயில் திருவிழாவில் ஜெனரேட்டர் கரண்டில் இரைச்சல் வந்தால் அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றும் வைத்தியத்தை யார் சொன்னாலும் செய்யாதீர்கள், உயிர் போகும். பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் கிட்டார் என்றால் வாசிக்காதபோது கேபிளைப் பிடுங்கி வையுங்கள், செருகி இருக்கும் வரை 9 வோல்ட் பேட்டரி காலியாகிக்கொண்டே இருக்கும். சவுண்ட்காரரிடம் 'இன்னும் பேஸ் வை' என்று கேட்பதைவிட, 250 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைத்து 800 பக்கம் கொஞ்சம் ஏற்றச் சொல்லுங்கள். நோட்டு தெளியும்.

இனி வேலை பிடிப்பது. பாட்டு லிஸ்ட் வந்ததும் பல்லவி, சரணத்துக்காகக் கவலைப்படாதீர்கள், அவை எப்படியும் வந்துவிடும். ஆள் விழுவது பல்லவி, சரணங்களுக்கு நடுவே வரும் ஃபர்ஸ்ட் பி.ஜி.எம்., செகண்ட் பி.ஜி.எம். என்ற இசைத் துண்டுகள் இரண்டில்தான். எத்தனை பார் (தாளச் சுற்று), எங்கே கட் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பெயருக்குப் பதில், சுருதியிலிருந்து எத்தனையாவது என்று ஒன்று, நாலு, ஐந்து என எண்ணாக எழுதினால் சுருதி மாறினாலும் தாள் மாறாது. இளையராஜா பாட்டு என்றால் எண் மட்டும் போதாது, அங்கே பேஸே ஒரு தனி மெட்டு. ஹெட்போன் மாட்டி, வாயால் பாட வந்தபின் கிட்டாரை எடுங்கள்.

ஆடியில் கல்யாணம் இல்லை, அம்மன் கோயில் கச்சேரி உண்டு. மார்கழியில் சர்ச்சுகளுக்கு ஆள் தேவைப்படும். இந்த மாதங்களில் சப்ஸ்டிட்யூட்டாகப் போக ஒப்புக்கொள்பவர்களைத்தான் தை மாதம் கூப்பிடுவார்கள். ரிகர்சலில் கீபோர்டுக்காரரிடம் தனியாகப் போய், 'அண்ணே, கீழ் ஆக்டேவை எனக்கு விட்டுடுங்க' என்று சொல்லுங்கள், மேடையில் சைகை காட்டாதீர்கள். வெளியூர் என்றால் போக்குவரத்து, சாப்பாடு, திரும்பும் நேரம் மூன்றையும் அட்வான்ஸ் வாங்கும்போதே பேசி, வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு வையுங்கள்.