சேனன்றி முனையில் கரையில் நின்றபடியே டால்பின்களைப் பார்ப்பது எப்படி?

ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், இன்வெர்னஸ் நகருக்கு அருகே ஃபோர்ட்ரோஸ், ரோஸ்மார்க்கி என்னும் இரண்டு சிற்றூர்களுக்கு இடையிலிருந்து ஒரு மணல்திட்டு கடலுக்குள் நீண்டு செல்கிறது. 1846இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் நிற்கும் அதன் நுனிதான் சேனன்றி முனை. எதிர்க்கரையில் ஃபோர்ட் ஜார்ஜ் கோட்டை இருக்க, இரண்டுக்கும் நடுவே மோரே கடற்கழி ஒடுங்கிப்போகிறது. குப்பிமூக்கு ஓங்கில்கள் எனப்படும் டால்பின்களைப் படகேறாமலே பார்க்க இதைவிட நல்ல இடம் ஐரோப்பாவில் அதிகமில்லை.

முதலில் பார்க்கவேண்டியது வானிலையை அல்ல, வற்றுப்பெருக்கு அட்டவணையைத்தான். கடல் முழுவதும் வற்றிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து முனையில் நில்லுங்கள். அடுத்த இரண்டு, மூன்று மணி நேரமே முக்கியமானது. நெஸ், பியூலி ஆறுகளுக்கு முட்டையிடத் திரும்பும் சால்மன் மீன்கள், ஏறும் நீரோடு இந்த ஒடுங்கிய வழியாகத்தான் உள்ளே வந்தாகவேண்டும் என்பதால், ஓங்கில்கள் அந்த நீரோட்டத்தை எதிர்த்து ஏறக்குறைய ஓரிடத்திலேயே நிலைகொண்டு, வரும் இரையை மறிக்கின்றன. சில அட்டவணைகள் கோடையிலும் கிரீன்விச் நேரத்தையே தருகின்றன; கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பதால், அப்படியானால் ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வற்று நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதையும் நினைவில் வைத்துப் பயண நாளைத் தேர்ந்தெடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வாய்ப்பு மிகுதி. வண்டி நிறுத்த இடம் குறைவாகையால், ஊரில் இறங்கி நடந்து வருவதே நிம்மதி.

வந்தவுடன் கடல் முழுவதையும் கண்ணால் துழாவாதீர்கள். வேகமாக ஓடும் நீரும் தேங்கிச் சுழலும் நீரும் உரசுகிற இடத்தில் ஒரு கோடு தெரியும். ஒருபுறம் சலசலப்பும் மறுபுறம் எண்ணெய் பூசியதுபோன்ற வழவழப்பும் இருக்கும். அந்தக் கோட்டை விடாமல் கவனியுங்கள். காற்று அடங்கியிருந்தால், ஓங்கில் கண்ணில் படுவதற்கு முன்பே அது மூச்சுவிடும் "புஃப்" ஒலி காதில் விழும். பின்னோக்கி வளைந்த, உயரமான முதுகுத்துடுப்பு எழுந்தால் அது ஓங்கில். சிறிய முக்கோணத் துடுப்பு ஒன்று மெல்ல உருண்டு மறைந்தால் அது கடற்பன்றி (porpoise) என்னும், ஓங்கிலைவிடச் சிறிய உறவினம். துடுப்பே இல்லாமல் வட்டத் தலை மட்டும் நிமிர்ந்து பார்த்தால் அது சீல்.

நிதானமாக மூழ்கி எழுந்துகொண்டிருந்த ஓங்கில் திடீரென்று பக்கவாட்டில் சாய்ந்து, வெளிர் வயிறு தெரியத் திரும்பினால் வேட்டை தொடங்கிவிட்டது என்று பொருள். பிடிபட்ட சால்மனைச் சில வேளை காற்றில் தூக்கியெறிந்து, தலைப்பக்கம் முதலில் வரும்படி வாங்கி விழுங்கும். அதன் கூம்புப் பற்கள் கவ்வுவதற்கு மட்டுமே உதவும், மெல்லுவதற்கு உதவா. இங்குள்ளவை ஏறத்தாழ 4 மீட்டர் வரை வளர்பவை. குளிர்நீரில் உடற்சூட்டைக் காக்கப் பருத்த உடலும் தடித்த கொழுப்பும் தேவைப்படுவதால், ஃபுளோரிடாக் கரையில் வாழும் தம் இனத்தாரைவிட இவை பெரியவை.

பெரிய துடுப்பை ஒட்டிச் சிறியதொன்று எழுந்தால் தாயும் கன்றும். கன்றின் விலாவில் குறுக்கே வெளிறிய பட்டைகள் தெரிந்தால் அது புதிதாகப் பிறந்தது; கருப்பையில் மடிந்து கிடந்த தடம் அது. 12 மாதம் சுமந்து பெற்ற கன்றைத் தாய் மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலுமோ கூடவே வைத்திருக்கும். அதற்காக இவற்றைச் சாதுவான விலங்குகள் என்று எண்ணிவிட வேண்டாம். இக்கரையில் ஒதுங்கிய கடற்பன்றிகளின் உடைந்த விலாவும் உடலிலிருந்த பற்கீறல்களும் ஓங்கில்களின் தாக்குதலையே காட்டியதை 1990களில் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். முகத்தில் தெரியும் புன்னகை தாடையின் அமைப்பு மட்டுமே.

படம் எடுப்பவர்கள் தாவும் காட்சிக்குக் காத்திருப்பதைவிட, துடுப்பு பக்கவாட்டில் தெளிவாகத் தெரியும் கணத்தை எடுப்பதே பயன் தரும். ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது இருக்கட்டும். துடுப்பின் பின்விளிம்பிலுள்ள வெட்டுகளின் வரிசை ஒவ்வொன்றுக்கும் தனி. மேற்கீறல்கள் நாளடைவில் மங்கும், வெட்டுகள் மங்குவதில்லை. அபர்டீன் பல்கலைக்கழகத்தின் குரோமார்ட்டி ஆய்வு நிலையம் இம்முறையில்தான் 1989 முதல் இக்கூட்டத்தின் ஓங்கில்களைத் தனித்தனியே அடையாளம் கண்டுவருகிறது. ஓங்கில்களோ ஒன்றையொன்று சீழ்க்கையால் அறிகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிச் சீழ்க்கை உண்டு. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடலில், அதன் நகலை நீருக்கடியில் ஒலிக்கச் செய்தபோது உரிய ஓங்கில் பதில் கொடுத்ததை 2013இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கரையில் நிற்பவருக்கு அது கேட்காது.

முனையின் சரளைக்கரை சட்டென்று ஆழமாகிவிடும், நீரோட்டமும் கடுமையானது. அருகில் வருகிறதே என்று நீரில் இறங்கக் கூடாது. இவ்விலங்குகளை வேண்டுமென்றோ அசட்டையாகவோ தொந்தரவு செய்வது ஸ்காட்லாந்துச் சட்டப்படி குற்றம். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

நீர் முழுவதும் ஏறியபின் கூட்டம் பெரும்பாலும் கலைந்துவிடும். அன்று ஒன்றுமே தென்படாவிட்டால், கிழக்கே ஸ்பே ஆறு கடலில் கலக்கும் ஸ்பே விரிகுடாவுக்குப் போய்ப் பார்க்கலாம். அங்கும் ஆற்றுக்குத் திரும்பும் சால்மனைத் தேடி ஓங்கில்கள் வரும்.