ஏஐ கேம் மாஸ்டருடன் விளையாடத் தொடங்குவது எப்படி? தாயக்கட்டை உங்கள் கையிலேயே இருக்கட்டும்

ரோல் பிளேயிங் விளையாட்டு வாயாலேயே விளையாடுவது. ஒருவர் கதையை நடத்துவார், அவர்தான் கேம் மாஸ்டர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்று மாஸ்டர் கேட்பார், நீங்கள் சொல்வீர்கள், முடிவு எப்படியும் போகலாம் என்ற இடத்தில் தாயக்கட்டை உருளும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகைக்கு வழி திறந்தது.

கொழும்பில் இதற்கு ஆசைப்படுகிறவர்களுக்கு விளையாட நண்பர்கள் கிடைப்பார்கள், மாஸ்டர்தான் கிடைக்கமாட்டார். தடித்த விதிப்புத்தகத்தை வாசித்து, கதையும் தயாரித்து, வேலை முடிந்து காலி வீதி நெரிசலைத் தாண்டி வந்து மூன்று மணிநேரம் நடத்த யாருக்குப் பொறுமை இருக்கிறது? அதுவும் தமிழில்? அந்த வெற்றிடத்தை ஏஐ ஓரளவு நிரப்புகிறது. 2019இல் ஏஐயே கதை நடத்தும் விளையாட்டான 'ஏஐ டன்ஜன்' வந்தபோது கதை பத்து வரிக்குள் தடம் புரளும். இன்றைய சாட்பொட்கள் ஒரு மாலைப்பொழுது முழுக்கத் தமிழிலேயே நடத்தும்.

ஆனால் ஏஐயால் நன்றாக முடிவது கதை சொல்வது மட்டும்தான். கட்டை உருட்டவும், ஞாபகம் வைத்திருக்கவும், "முடியாது" என்று மறுக்கவும் அதை நம்பாதீர்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த மூன்று வேலையையும் அதனிடமிருந்து பறிப்பதற்குத்தான்.

முதற்படி: செயலி

சாட்ஜிபிடி, ஜெமினை, கிளாட் எதுவானாலும் சரி, இலவசக் கணக்கே தொடங்கப் போதும். இதற்கென்றே செய்த தனிச் செயலிகளும் உண்டு. அவற்றில் உள்ளே என்ன கட்டளை ஓடுகிறது என்று தெரியாததால் புதியவர்களுக்கு நான் வெறும் சாட்பொட்டையே சொல்வேன். இலவசக் கணக்கில் அளவுக்கு மேல் எழுதினால் சில மணிநேரம் காத்திருக்கச் சொல்லும். அது பெரும்பாலும் சண்டைக் கட்டத்தின் நடுவில்தான் நடக்கும்.

இரண்டாம்படி: உலகம்

"ஒரு மாயாஜாலக் கதை நடத்து" என்று மட்டும் கேட்டால் கோட்டை, டிராகன், மதுக்கடை என்று யாருடையதோ கதை வரும். நமக்குத் தெரிந்த ஊரைக் கொடுப்பது நல்லது. நான் உதாரணமாக எடுப்பது 1755ஆம் ஆண்டுக் கொழும்பு. ஒல்லாந்தர் ஆட்சி, கறுவா வியாபாரம் முழுக்க அவர்களின் கொம்பனி கையில், களவாகக் கறுவா கடத்தினால் கடும் தண்டனை. இதைவிட ஒரு கதைக்கு என்ன வேண்டும்?

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கொழும்பைப் பற்றி ஏஐக்குத் தெரிந்தது அரைகுறை. இல்லாத தெருவை இருப்பதாகச் சொல்லும், காலங்களைக் கலந்துவிடும். அதனால் என்னென்ன இருக்கிறது என்பதோடு என்னென்ன இன்னும் வரவில்லை என்பதையும் எழுதிக் கொடுங்கள். வூல்ஃபெண்டால் தேவாலயம் 1749இல் தொடங்கி 1757இல் திறக்கப்பட்டது, ஆகவே 1755இல் அது சாரம் கட்டிய அரைகுறைக் கட்டடம். ஒளிந்துகொள்ள அருமையான இடம்! கோட்டையின் மணிக்கூட்டுக் கோபுரம் 1857இல்தான் வந்தது, ரயில் 1860களில், புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். கறுவாவைத் தோட்டமாகப் பயிரிடத் தொடங்கியதும் 1760களின் இறுதியில்தான். எனவே உங்கள் கடத்தல்காரன் சரக்குக்குக் காட்டுக்குத்தான் போகவேண்டும்.

மூன்றாம்படி: கட்டளை

புதிய உரையாடலைத் திறந்து, இரண்டாம்படியில் எழுதிய பட்டியலை முதலில் போட்டு, அதன் கீழே இதை ஒட்டுங்கள். உங்கள் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

"நீ கேம் மாஸ்டர். நான் ஒரு பாத்திரம். காலம் 1755, இடம் கொழும்பு. மேலே தந்த இடங்களைத் தவிர வேறு இடப்பெயர் தேவைப்பட்டால் என்னிடம் கேள். ஒவ்வொரு முறையும் ஆறு வரிக்குள் காட்சியைச் சொல்லி, 'என்ன செய்கிறாய்?' என்று கேட்டு நிறுத்து. என் பாத்திரம் என்ன பேசுகிறது, என்ன நினைக்கிறது என்று நீ எழுதாதே. எனக்குத் தெரிவுப் பட்டியல் தராதே. ஆபத்தான செயல் வந்தால் கட்டை உருட்டச் சொல், எண்ணை நான் சொல்லும்வரை முடிவைச் சொல்லாதே. நான் தோற்றால் உண்மையாகவே தோற்கவேண்டும், காயமோ இழப்போ பகையோ வரவேண்டும். இரட்டைச் சாய்கோட்டோடு (//) நான் தொடங்கும் வரி விளையாட்டுக்கு வெளியே பேசுவது."

"நீ எழுதாதே" என்ற வரியை மட்டும் விட்டுவிடவே வேண்டாம். அது இல்லாவிட்டால் மூன்றாவது காட்சியிலேயே ஏஐ உங்கள் பாத்திரத்தையும் தானே ஓட்டத் தொடங்கிவிடும், நீங்கள் வெறும் வாசகர் ஆகிவிடுவீர்கள்.

மொழிக்கும் ஒரு வழி இருக்கிறது. "இலங்கைத் தமிழில் எழுது" என்று சொன்னால் மட்டும் போதாது, பாத்திரங்கள் சென்னைத் தமிழிலோ செய்தி அறிக்கைத் தமிழிலோ பேசும். நம் ஆட்கள் கதைக்கும் விதத்தில் நாலைந்து வரியை நீங்களே எழுதிக் கட்டளையோடு கொடுங்கள். மாதிரி கையில் இருந்தால் ஓரளவு பிடித்துக்கொள்ளும்.

நான்காம்படி: கட்டை

ஏஐயிடம் "உருட்டு" என்றால் ஒரு எண் சொல்லும். கணக்கு நிரலை உண்மையாக ஓட்டினாலன்றி அது உருட்டிய எண் இல்லை, அந்த இடத்தில் எழுதப் பொருத்தமாகத் தோன்றிய எண். கதை சுவையாகப் போகும் பக்கமே சாயும். ஆகவே லூடோ பெட்டிக்குள் கிடக்கும் ஆறு பக்கக் கட்டை இரண்டை எடுங்கள். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' கேட்கும் இருபது பக்கக் கட்டை தேடி அலைய வேண்டாம்.

இரண்டையும் உருட்டிக் கூட்டுங்கள். 10 அல்லது அதற்கு மேல் என்றால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை என்றால் நடக்கும், ஆனால் ஏதாவது விலை கொடுக்கவேண்டும். 6 அல்லது கீழே என்றால் கெட்டது. மொத்தம் 36 விழும் விதங்களில் முதலாவது 6, மற்ற இரண்டும் 15, 15. சுத்தமான வெற்றி ஆறில் ஒரு பங்குதான் என்பது கொடுமையாகத் தெரியலாம். ஆனால் கதையைக் கொண்டுபோவது அந்த நடு 15தான்.

பாத்திரத்துக்கு உடல், புத்தி, வாய் என்று மூன்று திறன் போதும். ஒன்றுக்கு +1, ஒன்றுக்கு 0, ஒன்றுக்கு -1. சிறியதுபோலத் தெரிந்தாலும் +1 சேர்ந்தால் சுத்த வெற்றி 36இல் 6இலிருந்து 10ஆகும், -1 என்றால் 3ஆக விழும். பெயர், ஒரு ஆசை, ஒரு கடன். இதற்கு மேல் தொடக்கத்தில் எழுதவேண்டாம். இந்தக் கட்டைக் கணக்கையும் பாத்திரத்தையும் கட்டளையோடு சேர்த்துக் கொடுங்கள்.

விளையாட்டு இப்படிப் போகும். நம் ஆள் செல்லன், வள்ளக்காரன், வாய் +1.

ஏஐ: நிலவு மறைந்திருக்கிறது. வாவிக்கரையில் காவல்காரன் விளக்கை உயர்த்துகிறான். "ஆரடா அது? இந்த நேரத்தில வள்ளத்தை எங்க கொண்டு போறாய்?" என்ன செய்கிறாய்?

நீங்கள்: "ஐயா, மனிசிக்குச் சுகமில்லை, மருத்துவச்சியைக் கூட்டிவரப் போறன்" என்கிறேன்.

ஏஐ: வாய் உருட்டு.

நீங்கள்: 3, 4, கூட +1. எட்டு.

ஏஐ: அவன் முகம் இளகுகிறது. "சரி, நானும் வாறன், தனியப் போகாதை" என்று வள்ளத்தில் கால் வைக்கிறான். சாக்குக்கு அடியில் கறுவாக் கட்டு.

ஐந்தாம்படி: கொப்பி

சாட்பொட்டுக்கு ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய எழுத்துக்கு எல்லை உண்டு. தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அந்த இடத்தை வேகமாக நிரப்பும். நிரம்பியதும் பழையது நழுவும்: இறந்த காவல்காரன் திரும்பி வருவான், கொடுத்த பணம் மறுபடி மடியில் இருக்கும். ஒரு கொப்பியில் ஆட்கள், கடன், காயம், கையிருப்பு, முடியாத விஷயம் என்று ஒவ்வொரு வரியாக எழுதி வையுங்கள். நிறுத்தும்போது "// இதுவரை நடந்ததைப் பதினைந்து வரியில் சுருக்கு" என்று கேட்டு, கொப்பியோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். அடுத்த நாள் புதிய உரையாடல், அதே கட்டளை, திருத்திய சுருக்கம். பழைய உரையாடலை இழுத்துக்கொண்டு போவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆறாம்படி: கண்டிப்பு

ஏஐக்கு உங்களைச் சந்தோஷப்படுத்த ஆசை. 4 விழுந்தாலும் "நல்ல காலமாக ஒரு பழைய நண்பன் வந்து காப்பாற்றுகிறான்" என்று எழுதும். உடனே நிறுத்துங்கள்: "// இது தோல்வி. திரும்ப எழுது, செல்லன் எதையாவது இழக்கவேண்டும்." இரண்டு தடவை இப்படித் திருத்தினால் அந்த உரையாடல் முடியும்வரை ஓரளவு நேராகப் போகும். மறுபக்கமும் உண்டு. உங்களுக்குப் பிடிக்காத கொடூரம் வந்தாலும் அதே சாய்கோட்டால் வெட்டிவிடுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. பாத்திரங்களுக்கு நண்பர்களின் உண்மைப் பெயரையோ விலாசத்தையோ கொடுக்காதீர்கள். வயதுக் கட்டுப்பாடு செயலிக்குச் செயலி மாறும், வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுக்குமுன் அதைப் பாருங்கள்.

ஏழாம்படி: கூட்டம்

தனியாக ஓரிரு கதை ஓடிய பிறகு நண்பர்களைச் சேருங்கள். டிஸ்கோர்ட் அல்லது வட்ஸ்அப் அழைப்பில் எல்லோரும் இருக்க, ஒருவர் மட்டும் திரையைப் பகிர்ந்து தட்டச்சு செய்யட்டும். ஆளுக்கொரு கைபேசியில் ஆளுக்கொரு சாட்பொட் என்றால் ஆளுக்கொரு கதைதான் ஓடும். வரிகளைப் "செல்லன்: ...", "பாத்திமா: ..." என்று பெயரோடு அனுப்புங்கள், எல்லோரும் சொல்லி முடிந்தபின் ஒரேயடியாக அனுப்புவது இன்னும் நல்லது. ஒருவர் வெள்ளவத்தையிலும் மற்றவர் கொட்டாஞ்சேனையிலும் இருந்தாலும் கட்டையைக் கமராவுக்கு முன்னால்தான் உருட்டவேண்டும்.